வாயில் கேமரா மாட்டிய குழாய்

ஆண்டிமடம்,
மாசி மாதம், வியாழக்கிழமை காலை.

அன்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு, கலையரசி எழுதுவது.

நான் நலம். விடுதியில் நம் பெண் சுவாதியும் நலம். செமஸ்டர் முடிந்துதான் வருவாளாம். தோஹாவில் குளிர் விட்டுவிட்டதா? முந்திரி இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது.

இதைக் கையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். போனில் என்றால் நீங்கள் "சரி சரி, விடு" என்பீர்கள், நானும் வைத்துவிடுவேன். இது விடுகிற விஷயம் இல்லை.

"அந்தக் குழாய மூட்ட கட்டிப் பரண்ல போடு, நான் வந்து பேசிக்கறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். நடந்ததை உங்கள் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லியும் கேளுங்கள்.

போன சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் முந்திரிக் கொல்லைக் களத்தில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். வைரக்கண்ணு அண்ணன் நாலைந்து பேரோடு வந்தார். நம் பக்கத்தில் யாராவது வயலில் மூன்று கால் நட்டால் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அளக்கிறார்கள் என்றுதான் பொருள். அவர் அப்பாவின் நிலம் அப்படித்தான் போனது. என் குழாயோ பார்க்கவே வில்லங்கமானது. மற்றவற்றில் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்கலாம். இதில் கேமரா முன்பக்கம், குழாயின் வாய்க்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். கண் வைக்க இடமே கிடையாது. "ஆளே பாக்காத மிசினு எதைம்மா பாக்குது? யாருக்கு அளக்குற?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஒருவர் ஸ்டாண்டைக் குழாயோடு சேர்த்துச் சாய்த்துவிட்டார்.

கோபம் வந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. தாங்க முடியாதது வேறு. உங்கள் அண்ணன் நல்லதம்பி மாமா பக்கத்திலேயே நின்றார். "எங்க வூட்டுப் பொண்ணு, அளக்க வரல" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. "நாந்தான் அப்பவே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்னு" என்று அவர்களுக்கே ஒத்து ஊதினார்.

ஞாயிறு முழுவதும் அதைச் சரிசெய்வதிலேயே போனது. இந்த வகைக் குழாய்க்கு வெளிச்சம் வாங்கும் வேகம் எவ்வளவோ அவ்வளவு முரண்டும் உண்டு. கேமரா தலைமுடி கனத்தில் கால்பங்கு நகர்ந்தாலும் எல்லா நட்சத்திரமும் மங்கிவிடும். கொஞ்சம் கோணினால் மூலையில் இருப்பவற்றுக்கு வால் முளைத்துவிடும்.

திங்கட்கிழமை வைரக்கண்ணு அண்ணன் வீட்டுக்கே போய், "சாயங்காலம் எல்லாரும் வாங்க, என்ன அளக்குறேன்னு பாருங்க" என்று கூப்பிட்டேன். ஊரில் பாதி வந்தது. எங்கள் பள்ளியில் இருக்கும் பழைய குழாயாக இருந்தால் ஒரு மணி நேரம் வெளிச்சம் சேர்க்க வேண்டும். அதுவரை யார் நிற்பார்கள்? அது எஃப்-10, இது எஃப்-2; இந்த எண் குறையக் குறைய வேகம் கூடும். அங்கே ஒரு மணி நேரத்தில் சேர்வது இங்கே இரண்டரை நிமிடத்தில் சேர்ந்துவிடும். திருவாதிரைக்குக் கிழக்கே, கண்ணுக்கு வெறும் இருட்டாக இருக்கும் இடத்துக்குத் திருப்பினேன். லேப்டாப் திரையில் விண்வெளியின் வாயு மேகம் ஒன்று சிவப்பு வளையமாக வந்தது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கலாம், படம் அவ்வளவு அகலம்.

எல்லோரும் வாயடைத்து நின்றார்கள் என்று எழுத ஆசைதான். ஒருவர் "கிரசர் தூசி மாரி இருக்கு" என்றார். வீராயி அக்கா, "அதையும் அளந்தாச்சா டீச்சரு? பட்டா யார் பேருல?" என்றதும் களமே சிரித்தது. வைரக்கண்ணு அண்ணன் மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மண்ணுக்குள்ள இருக்கறது இதுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப வச்சுக்க தாயி" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

ஊர் வழக்கு அத்தோடு தீர்ந்தது. நம் வீட்டு வழக்கு தீரவில்லை. ஊர் சந்தேகப்படுகிறது என்ற முதல் காரணம் போனதும் உங்கள் அண்ணன் அடுத்ததை எடுத்தார்: "அமாவாசையில காத்து கருப்பு நடமாடுற நேரத்துல பொம்பள கொல்லையில நின்னா குடும்பம் வெளங்குமா?" எனக்கு வேண்டியதே அந்த இருட்டுதான். இந்தக் குழாய் நட்சத்திர வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக வாங்குமோ, நிலா வெளிச்சத்தையும் அதே வேகத்தில் வாங்கிப் படத்தை வெளுக்கவைத்துவிடும். அமாவாசையை விட்டால் எனக்கு அந்த மாதமே இல்லை. நேற்று அவர், குழாய் இருக்கும் பம்புசெட் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நம் பங்கில் நிற்கும் கொட்டகை அது.

நீங்கள் பதினோரு வருடமாக அங்கே இரவு ஷிஃப்ட் பார்க்கிறீர்கள். ராத்திரியில் எங்கே நின்றாய் என்று உங்களை யாரும் கேட்டதில்லை. உங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது எந்நேரமும் மருந்துக்கடைக்கு ஓடியவள் நான். அந்த ராத்திரிகளில் காத்து கருப்பைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை.

இத்தனை நாள் எதற்கும் "அவருகிட்ட கேட்டுட்டேன்" என்பதையே பதிலாக வைத்திருந்தேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன். பரணிலும் போடமாட்டேன்.

சனிக்கிழமை அமாவாசை. மறைந்த உங்கள் அப்பா அம்மாவுக்குப் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குப் போவேன். பூட்டு தொங்கினால் உடைப்பேன். கடப்பாரை தருவதாக வைரக்கண்ணு அண்ணன் சொல்லியிருக்கிறார்.

வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்காதீர்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதைத்தான் சனிக்கிழமை படைக்கும்போதும் கேட்பேன். பூட்டு உடையும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். அதற்கு முன்னால் உங்கள் குரல் உங்கள் அண்ணனுக்குக் கேட்கட்டும்.

உங்கள்
கலையரசி