இரண்டாம் தடவை ஏற்றிய கற்பூரம்

மார்கழி, செவ்வாய். பனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், மலைச்சாமி சேர்வராயா? உன் குகைக்குள்தானே நின்றோம். கற்பூரம் ஏற்றி, வரிசையாகக் கையை நீட்டி, "வழி தொறக்கற வரைக்கும் பழம் பறிக்க மாட்டோம்" என்று சொல்லி அணைத்தோம். எல்லாரும். அதற்குமேல் ஒரு சத்தியம் உண்டா?

எஸ்டேட்டுக்குள்ளே போகும் குறுக்கு வழிக்குப் புது முதலாளி கேட் போட்டுப் பூட்டிவிட்டான். உள்ளே வெளியூர்க்காரர்கள் தங்க பங்களா கட்டுகிறான். நாங்கள் கூடையோடு நடந்தால் அவர்கள் கண்ணுக்கு நன்றாக இருக்காதாம். இனி பஸ்ஸுக்கு மேடேறிச் சுற்றித்தான் போக வேண்டும். இவருக்கு இளைப்பு. பாதி மேட்டில் உட்கார்ந்துவிடுகிறார். பஸ் போன பிறகு ஆஸ்பத்திரியாவது ஒன்றாவது.

காப்பிப் பழம் சிவந்து நிற்கிறது. பறிக்காவிட்டால் உதிரும். எங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அண்ணன் மகள் மலர்விழி வந்திருக்கிறாள். இனி ம. என்று எழுதுகிறேன், விரல் விறைக்கிறது. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. சமூக உளவியல். தனித்தனி ஆட்கள் எப்போது 'நாம' என்று ஆகிறார்கள், ஆன பிறகு எப்படி ஒன்றாக எழுந்து நிற்கிறார்கள், அதுதான் படிப்பாம். "உங்க ஊர்ல இப்ப அதுதான் அத்தை நடக்குது!" கண்ணெல்லாம் வெளிச்சம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல.

வாங்க வேண்டியது: புளி, தீப்பெட்டி, இவருக்கு மாத்திரை, கற்பூரம்.

வியாழன். காற்று.

காலையிலிருந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். தினமும் முதலில் வந்து சாக்கு விரிப்பது சின்னப்பொண்ணு. சி.பொ. தலைச்சோலைக்காரி. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம், எங்களைப் போலக் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒரே செடியில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எத்தனை வருஷமாகவோ அப்படித்தான் பறிக்கிறோம்.

ம. ஒரு அட்டையை நீட்டினாள். இரண்டு வட்டங்கள். ஒரு படத்தில் தள்ளி நிற்கின்றன, ஒன்றில் உரசுகின்றன, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று.

"ஒரு வட்டம் நீங்க. இன்னொண்ணு இங்க இருக்கற எல்லாரும். எந்தப் படம் உங்களுக்குப் பொருந்துதுங்க?"

"இதென்னுங்க, அப்பளத்து மேல அப்பளமா?" சி.பொ. சொன்னதும் ஒரே சிரிப்பு. ஆனால் கடைசிப் படத்தின்மேல்தான் விரல் வைத்தாள். "எங்களுக்குள்ள சந்து பொந்து கெடையாதுங்க. எழுதிக்கங்க."

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த கேள்வி: நீங்கள் உங்களை முதலில் மலைக்காரராக நினைக்கிறீர்களா, எஸ்டேட்காரராகவா?

 பின்னாலிருந்து ஒருத்தி: "கீழருந்து வந்தவங்களுக்கு என்னுங்க? இது இல்லீன்னா மூட்டையக் கட்டிட்டுப் போயிருவாங்க. நாங்க எங்க போறது?"

இத்தனை நாள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் இந்தப் பேச்சு வந்ததில்லை. ம.வைப் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வெள்ளி. விளக்குப் போட்டேன். எண்ணெய் தீர்ந்தது.

"அத்தை, அந்தச் சத்தியத்த நான் பாக்கவே இல்லியே. ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன். போன்ல எடுத்துக்கறேன்."

"சத்தியத்த யாராச்சும் செஞ்சு காட்டுவாங்களா கண்ணு?"

"சும்மாதான் அத்தை. நடிச்சாப் போதும்."

அப்பன் இல்லாமல் படித்து வந்த பெண். முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலிலேயே தட்டு வைத்தேன். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி போனுக்காகத் தலை வாரிக்கொண்டு வந்தாள். சொல்லும்போதே இரண்டு பேருக்குச் சிரிப்பு. ம. "சூப்பர்" என்றாள். கற்பூரத்தை அணைத்தபோது விரலில் சுட்டது. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சனி. தூறல்.

சி.பொ. இன்று சாக்கு விரிக்கவில்லை. கூடையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, நேத்து உங்க ஊட்டு வாசல்ல சத்தியம் பண்ணிச் சிரிச்சீங்களாமா?"

"அது சும்மா சாமி. புள்ள கேட்டுதுன்னு காட்டுனது."

"கற்பூரத்துல என்னுங்க சும்மா? கடையில சும்மாக் கற்பூரம்னு தனியா விக்கறாங்களா?"

"நீ வேற, சின்னதப் போயி நொம்பப் பெருசு பண்ணாத."

"நானா? சேர்வராயன்கிட்டச் சொன்ன வார்த்தைய நீங்க படம் புடிக்க ஆடிக் காட்டுனீங்க. அப்ப மொதல்ல பண்ணுனதும் ஆட்டந்தான். அவனே அவுத்து உட்டுட்டான். யாருக்கும் கட்டு இல்ல, போங்க."

வேலையாட்களுக்கென்று கேட் ஓரம் விட்டிருந்த சந்து வழியாக நுழைந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தலைச்சோலைக்காரிகள். அதைப் பார்த்து எங்கள் ஆட்கள்: "அவங்களே போயாச்சு, நாம மட்டும் எதுக்கு?" ரைட்டர், எஸ்டேட் கணக்குப் பார்க்கிறவன், உள்ளே நின்று பல்லெல்லாம் தெரிய, "வாங்கம்மா வாங்க, சாமி நல்ல வழி காட்டிருச்சு" என்றான். உன் பேரை அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் நான் ஒருத்தி. சாக்குகள் நனைந்து கிடந்தன. தனியாக நின்றால் வழி திறந்துவிடுமா? நானும் போனேன். எழுதுகிறேன், நீ படி.

ஞாயிறு. வெயில் வந்தது, வந்து என்ன.

ம. கிளம்பினாள். இவர் மேடேறி வழியனுப்பப் போய்ப் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

போகும்முன் சொன்னாள்: "ஒரு கூட்டம் எப்படிச் சேருதுன்னுதான் எல்லாரும் எழுதறாங்க அத்தை. எப்படிக் கலையுதுன்னு நான் நேர்லயே பாத்துட்டேன். இது நொம்ப முக்கியம்."

"கலைஞ்சது எப்படின்னு எழுதுவியா கண்ணு? கற்பூரம் ஏத்தச் சொல்லி யாரு கேட்டாங்கன்னு?"

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, "நான் பாக்கறவ மட்டுந்தானே அத்தை" என்றாள். வட்டம் போட்ட அட்டையை மறுபடி எடுத்தாள். இப்போது எது பொருந்துகிறது என்று கேட்டாள்.

"கண்ணாடி போடல. ஒண்ணுந் தெரியல, போயிட்டு வா."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவளும் பார்த்தாள்.

திங்கள். பனி மறுபடியும்.

செடிக்கு அந்தப் பக்கம் வேறு ஒருத்தி. சி.பொ. ரைட்டரிடம் சொல்லி மேல் காட்டுக்கு மாறிக்கொண்டாள். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. குடம் நிறைகிற சத்தம் மட்டும். திரும்பும்போது முதுகுக்குப் பின்னால்: "இவுங்களாலதான் எல்லாம். சாமி சாமின்னு வாய் மட்டும் இருக்குது."

கேட்டில் புதுப் பூட்டு. இவர் ராத்திரி முழுக்க இருமினார். நாளை பஸ்ஸுக்கு எப்படிக் கூட்டிப் போவது, தெரியவில்லை. முன்பு என்றால் சி.பொ.வின் வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிப்பார்.

நீயே சொல், சேர்வராயா. என் வாசல் கற்பூரமா உன் குகைக் கற்பூரத்தை அணைத்தது? அவ்வளவு லேசானதா அது? அவள் கை வைத்த சத்தியம், நான் சிரித்ததால் அவளை விட்டுவிடுமா? முதலில் கூடையைத் தூக்கியவள் அவள். பழி மட்டும் எனக்கு.

இரு. அவள் கை வைக்கவே இல்லை. அன்று அவள் வீட்டுக்குத் தூரம். குகைக்குள் வராமல், வெளியே பாறையோரம், பனியில், எங்கள் செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தாள்.