பேரனுக்குக் கட்டிய தூளி

ஐப்பசி, வெள்ளி இரவு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முப்பது வருடமாகத் தறி ஓட்டியும், நான் நெய்த சேலை சாயம் போகும் என்று இன்றுதான் தெரிந்தது. பேரனுக்குத் தூளி கட்டப் புதுச் சிவப்புச் சேலையை எடுத்துப்போனேன்.

"இருங்க மாமா, வாயில வெச்சுச் சப்புவானுங்க. ஒருக்கா நனைச்சுப் பாத்துரலாங்க" என்றாள் மருமகள்.

"தறிக்காரனுக்கே பரிச்சையா சாமி?" என்று கேலி செய்தேன்.

வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பேரனுக்கு இப்படி ஒரு தாய் வாய்த்ததற்குக் கடவுளுக்கு நன்றி.

துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன என் பழைய வேட்டியில் தூளி கட்டினோம். பிள்ளையைப் போடுமுன் பலம் பார்க்க நானே ஏறி உட்கார்ந்தேன். முடிச்சு நன்றாகத் தாங்கியது. வேட்டிதான் இரண்டாகக் கிழிந்தது.