நகர்த்தி வைத்த புள்ளி

சென்னை
05.02.2023

அன்புள்ள அண்ணா,

நான் இங்கே நலம். நீ, அமிர்தம் அண்ணி, அமலிக்குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எத்தனையோ முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. என் பேர் போனில் வந்தாலே கம்பெனியில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அண்ணி சொன்னார். தபாலை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆராய்ச்சிக் குழு நம் தெருவில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. அமலியின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகம். குழந்தை உடம்பில் கொஞ்சமும் இருக்கக் கூடாத பொருள் அண்ணா அது. அவள் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பது நடிப்பு இல்லை. சரளமாகப் படித்த பாடத்தில் இப்போது திணறுவது சோம்பேறித்தனமும் இல்லை. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் உலையில் நாளெல்லாம் நிற்கிறாய். அதே சட்டையோடு வந்து அவளைத் தூக்கிக் கொஞ்சுகிறாய். முதலில் அதை நிறுத்து. கம்பெனியிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு வா. அவளை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

இன்னொரு விஷயம். கம்பெனி இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டிருக்கிறது. மார்ச்சில் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் அறிக்கையை அரசுக்குக் கொடுத்துவிட்டோம். ஊர்க்காரர் ஒருவராவது எழுந்து பேசினால்தான் அதற்கு உயிர் வரும். நீ பேசுவாயா? அறிக்கையில் யார் பேரும் இல்லை. வரைபடத்தில் ரத்தம் கொடுத்த வீடுகள் வெறும் புள்ளிகள்தான். பயப்படாதே.

நீ கொடுத்தனுப்பிய மணப்பட்டுக் கருவாடு தீர்ந்துவிட்டது. கேட்டால்தான் தருவாய் போல.

உன் தங்கை,
சுகன்யா


பாகூர்
19.02.2023

சுகன்யாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

அரசுக்குக் கொடுத்த உன் வரைபடம் கம்பெனிக்கு வந்துவிட்டது. மேனேஜர் கலைச்செல்வன் அதை மேசையில் விரித்து எங்களைக் கூப்பிட்டார். "இன்னா பாக்யராஜு, இது ஒன் தங்கச்சி வேலதான? இந்தச் செவப்புப் புள்ளி யார் வூடு, சொல்லு" என்றார். பேர் இல்லை என்றாயே, படித்தவளே! தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் புள்ளி இருக்கிறது. நம் தெருவில் பேர் எதற்கு? சூசைநாதன் வீடு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது ஒன்றுதான் சிவப்பு என்பதால், தெருவையே ரத்தம் கொடுக்கவைத்தவன் அவன்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

சாயங்காலம் போனோம். ஆமாம், நானும்தான் போனேன். போகாவிட்டால் அடுத்த கதவு என்னுடையது. கடப்பாரையால் கதவைப் பெயர்த்தோம். டிவி, பீரோ, அவன் மனைவி தையலம்மாளின் தையல் மெஷின் எல்லாம் தெருவில் போய் விழுந்தன. "மாதா சத்தியமா நான் ரத்தம் குடுக்கலடா" என்று சூசைநாதன் கத்தினான். பொய் சொல்கிறான் என்று ஒருவன் அவன் வாயிலேயே குத்தினான். பல் தெறித்தது. அவன் கையைப் படியில் வைத்து அழுத்திப் பிடித்தது நான். இரும்புக் கம்பியை இறக்கியது வேறு ஒருவன். எலும்பு முறிந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. என் கல்யாணப் பந்தியில் பரிமாறிய கை அது.

இத்தனையும் உன்னால். நீ ஊசியோடு வராமல் இருந்திருந்தால் அவன் முழுசாக இருந்திருப்பான். அமலிக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை என்றால் வயிறு வலிக்கத்தான் செய்யும். கூட்டத்துக்கு வந்தால் உன்னையும் அடிப்பார்கள். நான் தடுக்க மாட்டேன்.

பாக்யராஜ்


சென்னை
24.02.2023

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தேன். உன்னை அண்ணா என்று எழுதவே கை கூசுகிறது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

சூசைநாதன் பொய் சொல்லவில்லை. அவர் ரத்தம் கொடுக்கவே இல்லை. வாசலில் நின்று கெஞ்சினேன். "எங்க வூட்ல யாருக்கும் ஊசி வேணாம்மா, கம்பெனிக்காரன் ஒரு மாதிரி பாப்பான்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீடு என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைப்போம். அப்படி நகர்த்தியிருக்கிறோம் என்று அறிக்கையின் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோம். அதை யார் படிக்கப் போகிறார்கள்? நகர்ந்த புள்ளி இன்னொருவர் கூரை மேல் போய் விழும் என்று அந்தத் தெருவில் பிறந்த எனக்கே தோன்றவில்லை. சூசைநாதன் கை முறிந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சிவப்பு என்றால் தெருவிலேயே அதிக ஈயம். அந்தப் புள்ளியின் சொந்த இடம் தெரு முனை வீடு. உன் வீடு. அது அமலி, அண்ணா. உன் மகளின் புள்ளிக்காகத்தான் அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கொடுத்தாய்.

அடிதடி நடந்த ஊர் என்பதால் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று எங்கள் குழுவில் சொல்லிவிட்டார்கள். பேச இருப்பது நீ ஒருவன்தான். பேச முடியாவிட்டால் அமலியையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இரண்டும் செய்யாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

சுகன்யா


பாகூர்
20.03.2023

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு,

சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. என் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது.

உன் கடிதத்தோடு சூசைநாதன் வீட்டுக்குப் போனேன். பெயர்த்த கதவு இன்னும் சுவரில் சாய்ந்து கிடந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தையலம்மாள் துடைப்பத்தை எடுத்து முகத்திலும் கழுத்திலும் கை ஓயும்வரை அடித்தாள். நான் நகரவில்லை. சூசைநாதன் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். "அப்போ எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு எவ்ளோ இருக்குதுடா?" அவர்களுக்குத்தான் ரத்தமே எடுக்கவில்லையே. உனக்கும் தெரியாது.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். "அந்தச் செவப்புப் புள்ளி என் வூடு. என் பொண்ணு. சட்டையில வெஷத்தக் கொண்டாந்து குடுத்தது நான். சூசைநாதன் கைய ஒடச்சது நாங்க" என்றேன். அதற்கு மேல் விடவில்லை. நாற்காலிகள் பறந்தன. என்னோடு உலையில் நின்றவர்களே மேடைக்குக் கீழே போட்டு மிதித்தார்கள். கையைப் பிடிக்க ஒருவன், கம்பியை இறக்க ஒருவன். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. என் அலறலும் கூட்டத்தின் வீடியோவில் பதிவாகியிருக்கிறதாம்.

புது உலைக்கான அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்க அரசே உத்தரவு போட்டிருக்கிறது. பழைய உலை இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சூசைநாதன் கொடுத்த வழக்கில் என் பேர் இருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தால் போவேன்.

அமலி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஈயம் இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கெட்டுப்போனது எல்லாம் சரியாகிவிடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இன்னாப்பா, என்னத் தூக்கவே மாட்டேன்ற" என்று கேட்கிறாள். கட்டுப் போட்ட கையைக் காட்டி வைத்திருக்கிறேன். கட்டு பிரித்த பிறகு என்ன சொல்வது?

ரத்தம் எடுக்க நீயே வா. சூசைநாதன் பிள்ளைகளை அனுப்புகிறேன் என்கிறான். என்னோடு இன்னும் பேசவில்லை, அண்ணியிடம் சொல்லி அனுப்பினான். உனக்குக் கருவாடு கட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்த வரைபடத்தில் எங்கள் புள்ளியை நகர்த்தாதே. எங்கள் வீட்டின் மேலேயே வை. பேரும் போடு.

உன் அண்ணன்,
பாக்யராஜ்