திரைக்குப் பின்பக்கம்

வண்டிப்பெரியார்
15-3-1976

அன்புள்ள அத்தானுக்கு சாந்தம்மாள் எழுதுவது. இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பேச்சி கண்ணயர்ந்த பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

முதலமடையில் கொட்டகைக்குக் கூட்டம் வருவதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். மாங்காய்க் காலம் முடியும்வரை வர முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். மகள் பேச்சியின் காலைப் பற்றிக் கேட்கவில்லை. காய்ச்சலில் சூம்பியது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நடக்கிறாள்.

நீங்கள் விட்டுப்போன சினிமா மெஷினை இப்போது எஸ்டேட் மைதானத்தில் நல்லதம்பிதான் ஓட்டுகிறார். உங்கள் விளையாட்டையும் விடவில்லை. ரீல் மாற்றும் நேரத்தில் விளக்கை அணைக்காமல் யாரையாவது திரைக்கு முன்னால் நடக்கவிடுகிறார். திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நாங்கள் அது யார் நிழல் என்று கத்துகிறோம். நொண்டிப் பெரியமுத்துவை நீங்கள் நடக்கவிட்ட அன்று வயிறு வலிக்கச் சிரித்தவள்தானே நான்.

சனிக்கிழமை ஒரு குட்டி நிழல் வந்தது. காலை இழுத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து. பக்கத்து லயத்து வீட்டுக் குருவம்மாள், “ஏட்டி, இது என்ன சென்மம்?” என்றாள். காலேஜ் படித்த என் வாய் சும்மா இருந்ததா? “நண்டுடீ!” என்று நான்தான் கத்தினேன். மைதானமே சிரித்தது. நிழல் நின்று, இரண்டு கையையும் கொடுக்கு மாதிரி விரித்து ஆடிக் காட்டியது. இன்னும் சிரித்தேன். பொரிகடலை வாங்கப் போன பிள்ளை திரும்பவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “நண்டுன்னு சொன்னது நீதானம்மா? குரல் தெரிஞ்சுச்சு” என்றாள். முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

நல்லதம்பியிடம் சண்டைக்குப் போனேன். “அண்ணன் கண்டுபிடிச்ச விளையாட்டு மைனி, அவரு மக ஆடுனா என்ன குறைச்சல்? பேரு வச்சதே நீங்கதான?” என்கிறார். சித்திரை ஒன்றாம் தேதிப் படத்துக்கு எஸ்டேட் துரையின் விருந்தாளிகள் வருகிறார்களாம். அன்றும் அவளைத்தான் நடக்கவிடப் போகிறாராம். அண்ணன் ஒரு வரி எழுதினால் நிறுத்துகிறேன் என்றார்.

இன்று பள்ளிக்கூடத்தில் அவளை நண்டு என்றுதான் கூப்பிட்டார்களாம். இவளும் திரும்பிப் பார்த்தாளாம். சாயங்காலம் முழுக்கச் சுவர் முன்னால் காலை இன்னும் அதிகமாக இழுத்து நடந்து பழகினாள். போகக்கூடாது என்றேன். “நீ சிரிச்சியே” என்கிறாள்.

நல்லதம்பிக்கு அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். பேச்சிக்கும் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். யாரையும் சிரிக்க வைக்காமலே அவள் நமக்கு வேண்டும் என்பதை எப்படி எழுதுவீர்களோ, எழுதுங்கள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

சாந்தம்மாள்