ஊர் தெரியாத விசிறி

என் பொய்க்கார அக்காவுக்கு,

விசிறி என் கைக்கு வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற நலமெல்லாம் அப்புறம். உட்லண்ட்ஸில் என் வீட்டுச் சுவரில், வெயிலும் ஏ.சி. காற்றும் படாத பக்கமாகப் பார்த்து மாட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அதைக் கொண்டுவரச் சொன்னாய். குளிரில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளுக்கு எதற்கு விசிறி என்று நர்ஸ் சிரித்தாள். நான் மடிப்பு மடிப்பாக விரித்துக் காட்டினேன். பாலத்தின் மேல் குடை பிடித்து நிற்கும் பெண்ணை, முகம் தேய்ந்துபோனவளை, நெடுநேரம் பார்த்தாய். "இது உனக்குத்தான்டி அமலா. நான் போற வரைக்கும் சுவத்துலயே இருக்கட்டும்" என்றாய். அதைக் கேட்டது நான் மட்டும்தான். அத்தான் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கக் கூடாதா?

உன் அடக்கத்துக்கு மறுநாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், உன் நாத்தனார் செலின் உன் மார்சிலிங் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அத்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். நான் செலினுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அது எங்க தாத்தா கப்பல்லேர்ந்து கொண்டுவந்தது. உங்க அக்காவே என்கிட்ட சொன்னா லா" என்றாள்.

அங்கேதான் நீ என்னை மாட்டிவிட்டாய். நீ அவளிடம் அப்படிச் சொன்னது நிஜம்தானே. பங்குச் சாமியாரிடம், கோவாவில் ஒரு போர்த்துகீசியச் சீமாட்டி வைத்திருந்தது என்றாய். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், ஜப்பான்காரன் ஓடும்போது விட்டுப்போனது என்றாய். செலினிடம் அவள் தாத்தாவையே இழுத்துவிட்டாய். அவரவருக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை. தேக்கா சந்தையில் பழைய சாமான் விற்பவர்கூட, குச்சி ஒரு நாடு, காகிதம் ஒரு நாடு என்று கைவிரித்துவிட்டார். எனக்கு மட்டும் நீ எந்தக் கதையும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பாய்.

எனக்கு வயிறு எரிந்தது அக்கா. ஒரு காகித விசிறிக்கு இவ்வளவா என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

ஈஸ்டர் விருந்துக்குச் செலின் எல்லோரையும் சிராங்கூனில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். விசிறிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே ஒரு சின்ன விளக்கும் வைத்திருந்தாள். பிரியாணித் தட்டும் கையுமாக நின்று, வந்தவர்களிடம் தாத்தாவின் கப்பல் கதையை எடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் பஞ்சால் தூசி துடைத்து அதைக் காப்பாற்றியவள் நீ. உன் பேர் ஓரிடத்திலும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உன் நாக்கு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க செலின் அக்கா" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "உங்க மனசு சந்தோஷப்படணும்னு அக்கா சொன்ன கதை அது. உண்மையில அவ பிளாக்குக்குக் கீழ, குப்பைத்தொட்டி பக்கத்துல கிடந்தது லா. மேல் மாடியில ஒரு பெரியவர் தனியா செத்துக் கிடந்தாரு, அவர் வீட்டு சாமான். கதவை உடைச்சப்போ அவர் கையில இதுதான் இருந்துச்சாம்."

செலினின் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயோ, பந்தாங் லா, ஆகவே ஆகாது. இதெல்லாம் வீட்டுல வைக்கக்கூடாது" என்று யாரோ ஓர் அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கேசரி வருவதற்குள் செலின் அதைச் சட்டத்தோடு ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டு, பையை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். "நீயே எடுத்துட்டுப் போயிடு அமலா." எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. எனக்கெதுக்கு என்று ஒரு தடவை பிகு பண்ணிவிட்டுத்தான் வாங்கினேன்.

அப்படி ஒரு பெரியவர் உன் பிளாக்கில் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் நீ அவரை எனக்கு அறிமுகப்படுத்தியிருப்பாய்.

இந்தப் பொய்யை இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவில்லை. மனம் வருந்தினால்தானே மன்னிப்பு? எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அது சரி, நிஜமாகவே அது எங்கிருந்துதான் வந்தது அக்கா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

அடுத்த மாதம் உனக்கு முதலாண்டுப் பூசை. சாப்பாடு என் வீட்டில். சாமியார் வருகிறார், எதிர்வீட்டு அம்மா வருகிறார், செலினும் வருகிறாள். அவளை விசிறிக்கு நேர் எதிரே உட்காரவைத்து, வயிறாரச் சோறு போட்டு, இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பேன். ஒரு வரி விடமாட்டேன். விசிறியைத் திருப்பிக் கேட்பாள். கேட்கட்டும். சாமியார் கோவா என்பார், எதிர்வீட்டு அம்மா ஜப்பான்காரன் என்பார், செலின் தாத்தா என்பாள். மூன்று பேரும், அவள்தான் சொன்னாள் என்று உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சத்தியமாகச் செய்வேன். பாவசங்கீர்த்தனம் அதற்கு மறுநாள்.

உன்னைப் பார்த்துப் பொய் சொல்லப் பழகிய தங்கை,
அமலா