லாபு ஓடையில் இறுக மறுத்த கான்கிரீட்

மம்பாவில் நான் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கும் வீட்டு வாசலில் இன்று காலை ஒரு புது டிரம்மைத் திறந்தேன். ஈரப் பலகையை வெல்லப்பாகில் ஊறப்போட்டது போல ஒரு வாசனை வந்தது. மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். செனாவாங் கான்கிரீட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து நீ வீடு திரும்பும்போது உன் சட்டைக் கையில் இதே வாசனைதான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் இதை 'மருந்து' என்பார்கள். கல்யாணமான புதிதில் இது என்னவென்று உன்னிடம் கேட்டேன். "மரத்த வேகவச்சு காகிதம் செய்யிறாங்க இல்ல, அதுல மிஞ்சுற சாறுங்க இது. கொஞ்சம் விட்டா போதும், கம்மி தண்ணியிலயே கான்கிரீட் நல்லா இளகி ஓடும். ஆனா மரத்துச் சர்க்கரையும் உள்ள இருக்கும். கூடிப்போச்சுன்னா சீக்கிரத்துல இறுகாது" என்றாய். நான் பாதிதான் கேட்டேன். மீதியை லாபு செம்பனைத் தோட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஓடுகிற ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் போடும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பழைய மரப்பாலம் உளுத்துப்போய், பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பலகை மேல் நடந்துபோனார்கள். காலையில் உங்கள் ஆலையிலிருந்து ஒரு லோரி கான்கிரீட் வந்தது. ஊற்றி, மட்டம் தட்டி முடித்தோம். மதியம் விரலால் அழுத்தினேன், இறங்கியது. சாயங்காலமும் இறங்கியது. வேறு நாளாக இருந்தால் அதற்குள் மேலே ஏறி நடந்திருப்போம்.

மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்தைத் தாங்கிய முட்டுக்கட்டைகள் எல்லாம் ஓடைக்குள் நின்றன. தண்ணீர் ஏறி அவற்றைச் சாய்த்துவிட்டால் இறுகாத பாலம் முழுவதும் கீழே வந்துவிடும். என் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டார். "பாஸ், இது செத்த கான்கிரீட் லா. வெள்ளம் வர்றதுக்குள்ள நாமளே உடைச்சு எடுத்துடலாம். அடியில யாராச்சும் மாட்டினா என்ன பண்றது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உனக்கு போன் செய்தேன்.

நீ ஆலைச் சட்டையோடே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாய். குனிந்து தொட்டாய், முகர்ந்தாய். பிறகு ஆலைக்கு போன் போட்டு, அளவு மீட்டர் சிக்கிக்கொண்டதில் அந்த லோரிக்கு மட்டும் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாய். அதை மறைக்காமல் எல்லார் முன்னாலும் சொன்னாய்.

"உடைக்காதீங்க. சாகல, தூங்குது. மேல பிளாஸ்டிக் போட்டு மூடுங்க, மழையும் படக்கூடாது, காயவும் கூடாது. ஆளுங்க யாரும் கிட்ட போகவேணாம்."

"முட்டு சாஞ்சா?" என்று முனியாண்டி கேட்டார்.

"சாஞ்சா பாலம் போகும். ஆளு போகக்கூடாது, அவ்வளவுதான்."

லயத்துச் சனங்களை ஓடைக்கரையில் நிற்கவிடாமல் அனுப்பினோம். மழை பிடித்தது. தண்ணீர் சிவப்பாக ஏறி முட்டுக்கட்டைகளின் பாதி உயரத்தைத் தொட்டது. அடித்துக்கொண்டு வந்த ஒரு செம்பனை மட்டை நடுக்கட்டையில் மோதிச் சுற்றிக்கொண்டு போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ மூடவில்லை. இருட்டுவதற்குள் மழை விட்டது. தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியது.

மறுநாள் விடிந்ததும் பிளாஸ்டிக்கை விலக்கினோம். அழுத்தினேன். விரல் இறங்கவில்லை. முனியாண்டி கடப்பாரையால் தட்டிப் பார்த்து, "கெட்டி லா, பாஸ்!" என்று சிரித்தார். திரும்பிப் பார்த்தால் நீ கரையோரம் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய்.

"தெரிஞ்சுதானே சொன்ன?" என்று கேட்டேன்.

"நெனச்சேங்க. தெரியாது. ராத்திரியெல்லாம் பயம். இப்பவும் பயம்தான். மருந்து கூடினா உள்ள காத்தும் கூடும், அதுல பலம் கொறையும். அந்த லோரியில எடுத்து ஊத்தி வச்ச மாதிரிக் கட்டிய உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்தக் கட்டிகள் உடைபடும் நாள்வரை முட்டு ஒன்றைக்கூட எடுக்கவிடவில்லை நீ. லயத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான் முணுமுணுத்தேன். கடைசியில் வந்த பலம் நீ எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பாலத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். அப்போதும் நீ சிரிக்கவில்லை. மறுவாரமே ஆலையில் சண்டை போட்டு, சர்க்கரை நீக்கிய மருந்தை வரவழைத்தாய். புது டிரம் எது வந்தாலும் நம் சிமெண்ட், நம் மணல், நம் வெயிலில் கலந்து பார்க்காமல் லோரியில் ஏற்றவிட மாட்டாய். விலை பார்த்து வாங்கினவர்களுக்கு உன்னைப் பிடிக்காது.

நீ போய் மூன்றாவது மழைக்காலம் இது. ஆஸ்பத்திரியில் டாக்டர் "சரியாயிடும்" என்று சொன்ன அன்று நான் நம்பினேன். நீ அவரிடம், "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டாய். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது.

மம்பாவில் சந்து குறுகல், லோரி நுழையாது. நாங்களே கலந்துதான் வீட்டுக் கூரையை ஊற்ற வேண்டும். கடைக்காரர் கொடுத்த மருந்து புது வகை. "நல்ல சரக்கு லா, எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றார். ஆட்கள் தயாராக நின்றார்கள். நான் வேலையை நிறுத்திவிட்டு, மூன்று அளவில் மருந்து கலந்து, சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி வைத்தேன். எனக்கு வயதாகிவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது.

உன்னைப் போல எனக்குக் கணக்கு தெரியாது. உன் பயம் மட்டும் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் பயந்தால் அவசரப்படுவேன். இப்போது பயந்தால் உட்கார்ந்து பார்க்கிறேன்.

குறைந்த அளவு போட்டது இறுகிவிட்டது. நடுவில் இருப்பது இறுகிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் இன்னும் விரல் இறங்குகிறது. நாளைக்கு ஊற்றலாமா என்று வீட்டுக்காரர் இரண்டாம் தடவை போன் செய்துவிட்டார்.

"இன்னும் தெரியல சார், பார்த்துத்தான் சொல்லணும்" என்று சொல்லியிருக்கிறேன்.