குலுங்காத வண்டி

செப். 1, திங்கள்

காலையில் தூறல். எட்டு மணிக்கு வெயில். நெல் வரத்து சுமார், ஈரம் அதிகம். பாதியைக் களத்தில் கொட்டிக் காய வைக்கச் சொன்னேன்.

வண்டி வாங்கி இன்றோடு ஐந்து மாதம். மழையோ வெயிலோ, தினமும் மண்டிக்கு அதில்தான். இதுவரை பட்டது:

- இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஓடுகிறது. எல்லாம் இடம் மாறி இருக்கிறது. கை இன்னும் பழகவில்லை.
- கியர் என்று பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு பித்தான்.
- முன் விளக்கு இரண்டு அடுக்கு. "இதுல கண்ணு எது, புருவம் எது?" பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன்.
- மெக்கானிக் பாஷா பானட்டைத் திறந்தான், பார்த்தான், மூடினான். "பாண்டிக்கே எட்தும் போய்டுப்பா. இன்னா எங்க இருக்குதுன்னே தெர்ல."
- ஹாரன் கோழிக்குஞ்சு மாதிரி. தாலுக்காவிலேயே வேறு வண்டிக்கு இந்தச் சத்தம் கிடையாது.
- சீட் சந்தன வெள்ளை. வேட்டியை உதறி, துண்டு விரித்துத்தான் உட்காருகிறேன். நெல் தூசு.

ஊரில் எல்லாரிடமும் இருப்பது ஒரே மாதிரி வெள்ளை வண்டி. நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். வண்டி என்றால் மைலேஜ், பார்ட்ஸ், விற்றால் விலை போக வேண்டும், அழகு சோறு போடாது என்று. பிறகு பாண்டி ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் இது நின்றது. சாம்பல் பச்சை உடம்பு, ஆரஞ்சு கூரை. பிரெஞ்சுக்காரன் செய்தது. ஐம்பத்தாறு வயதில் புத்தி போன இடம்.

கடைத்தெருவில் பெயர் 'தவளை'. எதிர்க்கடை உரக்கடைக்காரர் வாரம் ஒருமுறை தவறாமல், "நம்மூரு கோட்டைய வுட்டுட்டுப் போன பிரெஞ்சுக்காரன் இத உன் தலைல கட்டிட்டுப் போய்ட்டான்யா." அவர் வாயை அடைக்கத்தான் போன மாதம் அந்த வித்தை. டீக்கடை டம்ளரில் தளும்பத் தளும்ப டீ. இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள தட்டில் வைத்து, கடைத்தெரு பள்ளம், தாலுக்கா ஆபீஸ் வேகத்தடை எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கிக் காட்டினேன். பக்கத்து சீட்டில் டம்ளருக்குக் காவல் என் மண்டி ஆள் ஏழுமலை. உடம்பெல்லாம் உமி, அதனால் அவனுக்கு ஒரு சாக்கு விரித்து உட்கார வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. கை தட்டினார்கள்.

அதிலிருந்து யார் கேட்டாலும் என் வாயில் ஒரே சொல். குலுங்காது.


செப். 2, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. கோணி ஊசி வாங்க வேண்டும்.

மதியம் ஏழுமலை வந்தான். என் மண்டியில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஒரு காலத்தில் அவனும் நானும் வேறொருவர் மண்டியில் ஒரே லாரியில் மூட்டை இறக்கினவர்கள். நான் கடை வைத்தேன், அவன் என்னோடு வந்தான். மற்ற ஆட்களுக்கு நான் மொதலாளி. அவனுக்கு மட்டும் இன்னும் அண்ணா. வா, போ.

அவன் மனைவி அஞ்சலைக்குப் பாண்டியில் முதுகில் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள்.

"வியாழக்கெழம வுடறாங்கண்ணா. குலுங்காம இட்டும் போவணும்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு. நான் சொன்னேன், அந்தக் கவலையே வாணாம், நம்ம வண்டி குலுங்காதுன்னு. நீ வர வாணாம்ணா, ஒரு டிரைவர மட்டும் போடு."

நம்ம வண்டி என்றான்.

என் கண்ணில் வந்தது அஞ்சலை இல்லை. சீட். கட்டு, மருந்து, ரத்தம், சந்தன வெள்ளை. இன்னொன்றும் வந்தது. வியாழக்கிழமை திண்டிவனத்தில் நண்பருக்கு ரைஸ்மில் திறப்பு. "உன் தவளையோட வாய்யா, எல்லாரும் பாக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

யோசிக்கவே இல்லை. "அடடா, நாளைக்கு வண்டிய பாண்டி சர்வீசுக்கு அனுப்பறேன்டா. ஏதோ பார்ட்ஸ் போய்டுச்சு. பிரான்ஸ்லேர்ந்து வரணுமாம். ஒரு வாரம் ஆவும்."

நம்பினான். இந்த வண்டியைப் பற்றி இந்தப் பொய்யை யார்தான் நம்பமாட்டார்கள்? "புது வண்டிக்கே இப்டியா? உனுக்குத்தான் எவ்ளோ தொல்ல பாரு" என்று எனக்காக வருத்தப்பட்டான். அது போதாதென்று வழியும் அவனே சொன்னான். "வுடுண்ணா, மச்சானோட லோடு வண்டி, குட்டி யானைய எடுத்துக்கறேன். மெத்த போட்டுட்டா படுத்துக்கினு வந்துடுவா."

வேறு நல்ல கார் ஒன்று நான் பேசி விடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. நாளை சொல்லலாம்.


செப். 3, புதன்

மேகமூட்டம். சொல்லவில்லை. அவன் காலையிலேயே பாண்டிக்குப் போய்விட்டான். போனில் சொல்லியிருக்கலாம்.

வண்டியைக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மொபெட்டை எடுத்தேன். வாசலில் சரோஜா.

"இன்னாங்க, வண்டிக்கு ஜொரமா? போத்தி படுக்க வெச்சிக்கிறீங்க?"

அவளிடம் பொய் நிற்காது. சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "எனுக்கு டைபாய்டு வந்தப்ப ரெண்டு மாசம் நம்ம புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவ அஞ்சல." அவ்வளவுதான். சாப்பாட்டை மேஜையில் வைத்து மூடிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

பாஷா: "தவள எங்கப்பா?"
"பாண்டியில."
இரண்டாவது முறை சுலபமாக வருகிறது.


செப். 4, வியாழன்

நல்ல வெயில்.

இன்றைய பக்கத்தைக் காலியாக விடலாம் என்று பார்த்தேன்.

ஊர் எழுந்திருக்கும் முன் தார்ப்பாயை எடுத்தேன். கடைத்தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். சொந்த வண்டியைத் திருடிக்கொண்டு போகிறவன் மாதிரி.

மில் திறப்பு. பொங்கல், வடை. வண்டியைச் சுற்றி கும்பல். கேட்கவே வேண்டாம், டம்ளரை எடுத்தேன். மில் வாசலில் மண்ணும் கல்லும். சிந்தவில்லை. அங்கேயும் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் எப்போதும் சாயங்காலம்தான் விடுவார்கள், மதியத்துக்குள் ஊர் திரும்பி வண்டியை மூடிவிடலாம் என்பது என் திட்டம். பதினொன்றரைக்குக் கிளம்பினேன். தீவனூர் தாண்டி ரோட்டு வேலை. ஜல்லியைக் கொட்டி ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பக்கம் பள்ளம். முன்னால் ஒரு குட்டி யானை ஊர்ந்து போனது. ஹாரன் அடித்தேன். இரண்டு முறை.

பிறகுதான் பார்த்தேன். பின் தட்டில் மெத்தை. வெயிலுக்கு மேலே ஒரு புடவை கட்டியிருந்தது. அஞ்சலை படுத்திருந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏழுமலை, பின்பக்கம் பார்த்து.

கோழிக்குஞ்சு சத்தத்துக்கு நிமிர்ந்தான். வண்டியைப் பார்த்தான். அப்புறம் என்னை.

நடுவில் பத்தடி. முந்த வழியில்லை. எனக்குப் பின்னால் பஸ், நிற்கவும் முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தத் தட்டு எகிறி விழுந்தது. அஞ்சலையின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடி ஏற்றி ஏசி போட்டிருந்தேன். அதே பள்ளத்தில்தான் என் வண்டியும் இறங்கி ஏறியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நடுத் தட்டில் காலி டம்ளர் வைத்த இடத்தில் அப்படியே நின்றது.

இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவன்தான். நான் இல்லை.

ரோடு அகலமானதும் அவனே தலையை நீட்டி எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்தான். கையை ஆட்டி, போ, போ என்று எனக்கு வழி விட்டான். மூட்டை லாரிக்கு ரிவர்ஸ் சொல்லுகிற அதே கை.

போனேன். முந்திக்கொண்டு போனேன். நிறுத்தவில்லை. நிறுத்தி அவளை மாற்றிப் படுக்க வைத்திருக்கலாம், இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் கதவைத் திறந்து இறங்க முடியவில்லை.

எல்லாரும் வைத்திருக்கும் வெள்ளை வண்டியாக இருந்தால் யாரோ என்று போயிருக்கும்.


செப். 5, வெள்ளி

தலைவலி என்று மண்டிக்குப் போகவில்லை. தலைவலி இல்லை.

சரோஜா பழம் வாங்கிக்கொண்டு போய் அஞ்சலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.
"எப்டி இருக்கா?"
"குப்புறப் படுத்திருக்கா. வலி."
"ஏழுமல எதுனா சொன்னானா?"
"இன்னா சொல்லுவான்? காபி போட்டுக் குடுத்தான். குடிச்சிட்டு வந்தேன்."

கோணி ஊசி இன்னும் வாங்கவில்லை.


செப். 8, திங்கள்

ராத்திரி பெய்த மழையில் களம் சேறு. ஏழுமலை வேலைக்கு வந்தான்.

இரண்டு நாளாக மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். பார்ட்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது, புதன்கிழமை ராத்திரியே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள், உனக்குப் போன் அடித்தேன் கிடைக்கவில்லை என்று. சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"வண்டி சரியாய்டுச்சா மொதலாளி? நல்லபடியா பண்ணிக் குடுத்தாங்களா?"

முகத்தில் கேலி இல்லை. என் பொய்யை நான் கீழே போட்டுவிடாமல் அவனே ஒரு கை கொடுத்துப் பிடித்தான்.

"ம்" என்றேன்.

மொதலாளி. அப்புறம் நாள் முழுக்க அதுதான். "லாரி வந்துடுச்சு மொதலாளி." "ஈரம் எவ்ளோன்னு நீங்களே பாருங்க மொதலாளி." மற்றவர்கள் நாளைக்கு நூறு முறை சொல்லுவது, காதிலேயே விழாது. இவன் சொன்னால் ஒவ்வொன்றும் விழுகிறது.

உரக்கடைக்காரர் கவனித்துவிட்டார். "ஏழுமல எப்பலேர்ந்துய்யா மரியாத கத்துக்கினான்? சம்பளம் கூட்டிட்டியா?"

வண்டி வெயிலில் நிற்கிறது. பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.


செப். 9, செவ்வாய்

லோடு இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் போனேன். "ஏழுமல, அன்னிக்கு ரோட்டுல..."

"அத வுடுங்க மொதலாளி." தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான். துடைத்த தராசையே மறுபடி துடைத்தான்.

வீட்டில் சரோஜா: "வியாழக்கெழம தையல் பிரிக்கப் போறாங்களாம். நீங்க வாயால ஒண்ணும் கிழிக்க வாணாம். வண்டிய எட்துக்கினு போய் அவங்க வாசல்ல நில்லுங்க. நான் அஞ்சலகிட்ட சொல்லிக்கறேன்."


செப். 11, வியாழன்

வானம் தெளிவு. ஆறரைக்கு அவன் வாசலில்.

"உங்களுக்கு எதுக்கு செரமம் மொதலாளி. நாங்க ஏதாச்சும் புடிச்சிக்கறோம்."
"அவள வரச்சொல்லுடா."

நின்றான். அஞ்சலைதான் இடுப்பில் பெல்ட்டோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கக்கத்தில் ஏதோ மடிப்பு. முன் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை. மடிப்பைப் பிரித்தாள்.

சாக்கு. தையலைப் பிரித்து, துவைத்து, ஓரம் மடித்துத் தைத்தது. நடுவில் பச்சை மையில் என் மண்டி பெயர். அதைச் சீட்டின் மேல் விரித்து, சுருக்கம் நீவி, நுனியை உள்ளே செருகினாள். அவ்வளவு வலியில், அவ்வளவு பொறுமையாக.

"சாக்கு எதுக்கும்மா? எடு அத."
"இருக்கட்டும் மொதலாளி. வெள்ள சீட்டுன்னு இவுரு சொன்னாரு. பொடவைல மருந்தெண்ண இருக்குது, பட்டா கற போவாது. நல்லா தொவச்சிதான் எடுத்தாந்தேன்."

ஏழுமலை கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீட்டைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டம்ளர் வித்தை அன்று அவனுக்குச் சாக்கு விரித்தேனே, அது ஒன்றுதான். அப்போது சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

போகும்போது அஞ்சலை தூங்கிவிட்டாள், பாண்டியில்தான் விழித்தாள். தையல் பிரித்தார்கள். புண் ஆறி வருகிறது, ஆனால் வலி இருக்கும் என்றார் டாக்டர். இட்லி வாங்கிக் கொடுத்தேன். வண்டியில் வைத்துச் சாப்பிடச் சொன்னேன். இரண்டு பேரும் வெளியே நின்று சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டியதும் அஞ்சலை கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

பின் சீட்டிலிருந்து ஏழுமலை. "இன்னாடி முணுமுணுக்கிற?"
"எண்றேன்யா."
"இன்னாத்த?"
"பள்ளத்த. அன்னிக்கு எழுவத்தி ரெண்டு வரிக்கும் எண்ணுனேன். அதுக்கப்பறம் நெனப்பு இல்ல. இன்னிக்கி எண்லாம்னா ஒண்ணுகூட வரல." கண்ணைத் திறந்தாள். சாய்ந்த சீட்டில் அவளுக்கு வானம் மட்டும்தான் தெரியும். "ரோடு போட்டுட்டாங்களா மொதலாளி?"

தீவனூர் தாண்டிவிட்டோம். ஜல்லி அதே இடத்தில் கிடந்தது.

"ஆமா, போட்டுட்டாங்க" என்றான் ஏழுமலை.

மறுபடியும் எனக்கு வழி விட்டான்.

"இல்லம்மா," என்றேன். "ரோடு அதே ரோடுதான். அன்னிக்கும் இந்த வண்டி இருந்துது. நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

அஞ்சலை பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் ஏழுமலையைப் பார்க்கத் தைரியம் இல்லை. பதற்றத்தில் எதைத் தட்டினேனோ, வெயிலில் வைப்பர் ஓடியது.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றான் ஏழுமலை.

மொதலாளி என்று சேர்க்கவில்லை. அண்ணா என்றும் சேர்க்கவில்லை.